சுரங்கம் மூடினாலும் ஊர் மூடாது

திருப்பூர் மாநகராட்சிக் குப்பையை எங்கே கொட்டுவது என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. முதலிபாளையத்துப் பாறைக்குழியில் கொட்ட எதிர்ப்பு, இடுவாய் சின்னக்காளிபாளையத்தில் போராட்டம் என்று ஒவ்வோர் ஊராக வீதிக்கு வருகிறது. குப்பையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கொட்டுவதற்கு இத்தனை பாறைக்குழிகள் எப்படிக் கிடைத்தன என்று யாரும் கேட்பதில்லை. கல்லை எடுத்தவர் ஜல்லியாக விற்றுவிட்டுப் போனார். குழி ஊருக்கு மிஞ்சியது.

பல்லடத்துக்கு இந்தக் கேள்வி மிக அருகில் இருக்கிறது. கோடங்கிபாளையம், இச்சிப்பட்டி, காரணம்பேட்டை வட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்து கிடக்கின்றன. வெடி அதிர்வில் விரிசல் விடும் சுவர், டிப்பர் லாரி ஓடி நொறுங்கும் சாலை, தென்னை மட்டையில் படியும் தூசு என்று விவசாயிகள் மனுக் கொடுத்தும் உண்ணாவிரதம் இருந்தும் சொல்லி வருகிறார்கள். அவை இன்றைய தொல்லைகள். பாறை தீர்ந்து குவாரிக்காரர் கிளம்பும் நாளில் என்ன ஆகும் என்பதை நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

அதற்கு விடை தெரிய வேண்டுமானால், இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலைப் பார்க்க வேண்டும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. ஊர் இன்னும் அங்கேயே இருக்கிறது.

தமிழர் தோண்டிய தங்கம்

கொங்கு மண்ணுக்குச் சுரங்கம் புதிதில்லை. காங்கயத்துக்கு அருகே படியூரில் 1819-20-ஆம் ஆண்டுகளில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கடல்நிற மணிக்கற்களைத் தோண்டி எடுத்தார். 2,196 கற்கள், அன்றைய மதிப்பில் 1,201 பவுண்டு என்று பழைய கணக்கு சொல்கிறது. அதற்கும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நொய்யல் கரைக் கொடுமணலில் மணி தீட்டும் தொழில் நடந்ததை அகழாய்வுகள் காட்டின. ஆனால் ஒரு நகரத்தையே சுரங்கம் உருவாக்கியது தங்கவயலில்தான்.

1802-இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, அந்தப் பகுதியில் ஊர்மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்துப் பதிவு செய்தார். 1873-இல் மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் வந்தது. அதன்பின் வேலை சூடு பிடித்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க், பாலகாட் என்று சுரங்கங்கள் பெருகின.

மேற்பார்வைக்கு ஐரோப்பியர்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து கைதேர்ந்த சுரங்கக்காரர்கள் வந்தார்கள். பாறையை உடைக்கவும் உள்ளே சாகவும் பெரும்பாலும் தமிழர்கள் போனார்கள். பழைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் சாதிக் கொடுமையும் விரட்டிய குடும்பங்கள் அவை. பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேர் வரை அங்கே வேலை செய்தார்கள்.

120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதால், காற்றைக் குளிரூட்டி உள்ளே செலுத்தினார்கள். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள் வாடிக்கையாயின.

எல்லாமே கம்பெனி

1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு தெருவிளக்குகள் எரிந்ததே 1905-இல்தான். பாலாற்றில் பேத்தமங்கலத்தில் தண்ணீரைத் தேக்கிக் குழாயில் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரர்களுக்குப் பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. ‘குட்டி இங்கிலாந்து’ என்று அதற்குப் பெயர்.

தொழிலாளிக்கு லைன் வீடு. மூங்கில் தட்டி அடித்த ஒற்றை அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்தது. அந்தத் தட்டி வீடு கம்பெனியுடையது. தண்ணீர், விளக்கு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காவல் எல்லாம் கம்பெனியுடையவை. ஷிஃப்டுச் சங்குதான் ஊருக்குக் கடிகாரம்.

இதில்தான் பின்னால் வந்த துயரத்தின் விதை இருந்தது. ஊருக்கென்று தனியாக ஒரு சந்தை, ஒரு தொழில், ஒரு நிலம், ஒரு வருமானம் போதிய அளவு வளரவில்லை. வேலை கொடுத்தவரே வீட்டுக்காரர், அவரே தண்ணீர் வாரியம், அவரே மருத்துவர்.

லைனுக்குள் வளர்ந்த அறிவு

இவ்வளவு நெருக்கடியிலும் அந்த மக்கள் கட்டிய பொதுவாழ்வு தமிழர்கள் பெருமைப்பட வேண்டியது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் 1907-இலேயே கிளை அமைந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்றுபோனது. 1926-இல் அதற்கு மறுஉயிர் கொடுத்தது கோலார் தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து அதை நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. சுரங்கத் தொழிலாளியின் கூலியிலிருந்து வந்த காசில் அந்த அச்சகங்கள் ஓடின. பல்கலைக்கழகங்கள் அயோத்திதாசரைக் கண்டுகொள்ளப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு நடந்தவை இவை.

தொழிற்சங்கமும் அங்கே வலுவாக வளர்ந்தது. 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளைக் குற்றவாளியைப்போல் நடத்தாதே என்பதுதான் அவர்கள் சொன்னது. 1946-இல் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1954-இல் அம்பேத்கர் அங்கே வந்தார். குடியரசுக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, திராவிடக் கட்சி என்று எல்லா நீரோட்டங்களும் அந்த லைன்களில் கலந்தன. கர்நாடக சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க. உறுப்பினரை அனுப்பிய தொகுதி அது.

அறிவியலுக்கும் அந்தக் குழி உதவியது. 1965-இல் டாடா ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், இங்கிலாந்து, ஜப்பான் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் வைத்த கருவிகளால் வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் இடம்பெற்றார்கள். சுரங்க வேலை சுருங்கியதும் அந்த ஆய்வுக்கூடமும் மூடப்பட்டது.

நின்றது சங்கு

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் மத்திய அரசின் கைக்குப் போனது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் பிறந்தது. ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது. கல்லில் தங்கத்தின் அளவு குறைந்தது. நட்டம் ஏறியது. 2001-இல் கதவைச் சாத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள்.

அந்த எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். 2011 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். சம்பள நாளை நம்பிய மளிகைக்காரர், தையல்காரர், டீக்கடைக்காரர் யாருக்கும் நிவாரணப் பட்டியலில் இடமில்லை. கம்பெனி மருத்துவமனை பாழடைந்தது. சுரங்கத்திலிருந்து தண்ணீரை வெளியேற்றும் பம்புகள் நின்றதும் ஆழமெல்லாம் நீர் நிரம்பியது.

இன்று அந்த ஊரின் பெரிய தொழில், பெங்களூருக்குப் போய்வருவது. விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். முன்பு தாத்தா குழிக்குள் கழித்த நேரத்தைப் பேரன் ரயிலில் செலவிடுகிறான். வீட்டு வாடகை பெங்களூரில் கட்டுப்படியாகாது. ஊரில் வேலை கிடையாது. குடியிருக்கும் கம்பெனி வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்லி முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஊரைச் சுற்றிச் ‘சயனைடு மலைகள்’ நிற்கின்றன. சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண் அது, சுமார் 3.3 கோடி டன். காற்றுக் காலத்தில் அந்தப் பொடி வீட்டுக்குள்ளும் சோற்றிலும் படிகிறது. இப்போது தங்கத்தின் விலை ஏறிவிட்டதால் அந்த மண்ணுக்கும் மதிப்பு வந்துவிட்டது. 13 குவியல்களில் மேற்பரப்புச் சுரங்கப் பணி நடத்தும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மலையை அள்ளுவதில் தவறில்லை. அள்ளும்போது எழும் தூசுக்கு யார் பொறுப்பு, வரும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு முதலில் பதில் வேண்டும். தோண்டியபோது ஏமாந்த ஊர், அள்ளும்போதும் ஏமாறக் கூடாது.

நுரையீரலில் எழுதிய கணக்கு

கல்தூசு மூச்சுப்பையில் படிந்து இறுகும் நோய் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோயை ஆவணப்படுத்திய முதல் இடம் கோலார் தங்கவயல்தான். 1940-களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு அது இருந்தது. சுரங்கம் மூடினாலும் இந்த நோய் மூடாது. தூசு படிந்து பல ஆண்டுகள் கழித்தும் மூச்சு வாங்கும். குணமாக்க மருந்து கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

பல்லடம் இதைக் கவனிக்க வேண்டும். கல்குவாரியில் துளையிடுகிறவரும் கிரஷரில் நிற்கிறவரும் உள்ளிழுப்பது அதே வகைத் தூசுதான். அவர்களில் பலர் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள். இருமல் வந்தால் காசநோய் என்று மாத்திரை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். நோய் இங்கே உண்டாகும். கணக்கு எங்கும் ஏறாது.

தாமதமாக வந்த சட்டம்

சுரங்கத்தை எப்படி மூடுவது என்று முன்கூட்டியே திட்டம் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு தொகையை உத்தரவாதமாகக் கட்ட வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2003-இல்தான் வந்தது. தங்கவயல் மூடி இரண்டு ஆண்டுகள் கழித்து. தோண்டி முடித்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்துக் கால்நடைக்கு உதவும்படி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது.

விதிகள் ஓரளவு இருக்கின்றன. அவற்றின் கண் பெரிய கனிமங்கள் மேலேயே இருக்கிறது. ஜல்லிக்கல் சட்டத்தின் பார்வையில் ‘சிறு கனிமம்’. ஊருக்கு நடுவே கிடக்கும் குழி சிறியதில்லை.

வீடு வாடகைக்கு விடுகிறவர்கூட அட்வான்ஸ் வாங்கிவைத்துக்கொண்டுதான் சாவியைத் தருகிறார். காலி செய்யும்போது சுவர் இடிந்திருந்தால் அதிலிருந்து பிடித்துக்கொள்வார். ஒரு மலையையே காலி செய்கிறவரிடம் ஊர் அந்த அளவு பிடிமானம்கூட வைத்துக்கொள்வதில்லை.

மற்ற நாடுகளில்

வேல்ஸ் நாட்டில் ‘பிக் பிட்’ என்ற நிலக்கரிச் சுரங்கம் 1980-இல் மூடியது. 1983-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பழைய சுரங்கத் தொழிலாளர்களே வழிகாட்டிகளாகப் பார்வையாளர்களைக் கீழே அழைத்துச் சென்றார்கள். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் நின்றது. 2001-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நாம் தங்கவயலைக் கைவிட்ட அதே ஆண்டு. கார்ன்வால் சுரங்கங்களுக்கும் 2006-இல் அந்தத் தகுதி கிடைத்தது. அங்கிருந்து கோலாருக்கு வந்தவர்களின் ஊருக்கு மரியாதை. அவர்களோடு கீழே இறங்கியவர்களின் ஊருக்குத் துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள்.

அந்த நாடுகள் பணக்கார நாடுகள் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவர்கள் மூடுவதற்கும் ஒரு வரவு செலவு போட்டார்கள். நாம் போடவில்லை. வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான்.

பல்லடத்தின் பலம், பலவீனம்

தங்கவயலைப்போல் பல்லடம் ஒரே தொழிலை நம்பிய ஊர் இல்லை. விசைத்தறி, கறிக்கோழிப் பண்ணை, பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் பாயும் தோட்டங்கள் என்று பல கால்களில் நிற்கிறது. நூல் விலை ஏறித் தறி நின்றால் கோழி கைகொடுக்கும். அந்தப் பன்மைதான் நமக்குக் காப்பு. கல்குவாரியின் தூசு தோட்டத்தையும், அதன் குழியில் கொட்டிய குப்பையின் கசிவு நிலத்தடி நீரையும் கெடுக்கும்போது, ஒரு தொழில் மற்ற தொழில்களைத் தின்கிறது. கோழிப் பண்ணைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். கறவை மாட்டுக்கும் வேண்டும். கிணறு கெட்டால் எல்லாக் காலும் ஒன்றாக முடங்கும்.

ஜல்லி இல்லாமல் வீடு கட்ட முடியாது என்பது உண்மை. ஆற்று மணல் அள்ளுவதைக் குறைக்க எம்-சாண்ட் வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. குவாரியே கூடாது என்பது இந்தக் கட்டுரையின் வாதம் இல்லை. தோண்டத் தொடங்கும் நாளிலேயே மூடும் நாளுக்கான திட்டமும் பணமும் தனியே எடுத்துவைக்கப்பட வேண்டும் என்பதே கேட்பது.

செய்ய வேண்டியவை

ஒன்று, குழிகளுக்கு ஒரு பதிவேடு. திருப்பூர், கோவை மாவட்டங்களில் கைவிடப்பட்ட பாறைக்குழிகள் எத்தனை, எந்த சர்வே எண்ணில், எவ்வளவு ஆழம், குத்தகை யாருக்கு இருந்தது, எப்போது முடிந்தது என்ற விவரத்தைக் கனிமவளத் துறை ஊராட்சிவாரியாக வெளியிட வேண்டும். கிராம சபையில் அதை வாசிக்க வேண்டும்.

இரண்டு, மூடுவதற்கு முன்பணம். வேலி, படிக்கட்டு முறையில் சரிவு, மண் நிரவல், மரம் நடுதல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை மதிப்பிட்டு, குத்தகை தரும்போதே வைப்புத்தொகையாகப் பெற வேண்டும். வேலை முடிந்ததை ஊராட்சி பார்த்துச் சான்று தந்த பின்பே அது திரும்பக் கிடைக்க வேண்டும்.

மூன்று, பிரிக்காத குப்பைக்குத் தடை. பாறைக்குழி குப்பைத்தொட்டி ஆகக் கூடாது. நகரங்கள் குப்பையைத் தம் வார்டிலேயே பிரித்து உரமாக்க வேண்டும். சுத்தமாக உள்ள குழிகளில் நீரைச் சோதித்து, மழைநீரைச் சேமிக்கும் தேக்கமாக மாற்றலாம். ஆழமான குழிகளில் குளிக்கப் போய் உயிர்விடும் பிள்ளைகளை நினைத்தால், வேலி போடுவதை நாளைக்கே தொடங்க வேண்டும்.

நான்கு, பணம் பாதிக்கப்பட்ட ஊருக்கு. மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. பசுமை நிதி வசூலிக்கப்படுகிறது. 2025 முதல் கனிமவள நிலத்துக்கு அரசு தனி வரியும் வாங்குகிறது. இவற்றில் எவ்வளவு எந்த ஊராட்சியில் எதற்குச் செலவானது என்ற கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வர வேண்டும்.

ஐந்து, தொழிலாளியின் மார்புக்குப் படம். குவாரி, கிரஷர் தொழிலாளர் அனைவருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துளையிடுவதையும் கிரஷரை மூடி இயக்குவதையும் கட்டாயமாக்க வேண்டும். காசநோய் மருத்துவர்கள் நோயாளியின் தொழிலைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆறு, தங்கவயலுக்கு நியாயம். மண்குவியல்களை ஏலம் விடும் முன் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீட்டுப் பட்டா, வருமானத்தில் நகரத்துக்கு நிலையான பங்கு, தூசைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அந்த மக்களின் இதழ்கள், சங்க ஆவணங்கள், முதியவர்களின் நினைவுகள் ஆகியவற்றைத் தொகுக்கத் தமிழ்நாடு அரசு கர்நாடக அரசுடன் கைகோக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அந்த வரலாறு நம்முடையதில்லாமல் போகாது.

இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. பெரும்பாலானவை இருக்கிற சட்டத்தையும் இருக்கிற நிதியையும் ஒழுங்காகப் பயன்படுத்தினாலே நடக்கும். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் பல்லடம் வட்டார மக்கள் ஒரே ஒரு கேள்வியோடு போகலாம்: நம் ஊராட்சியில் உள்ள ஒவ்வொரு பாறைக்குழியும் யார் பொறுப்பில் இருக்கிறது? பதில் தீர்மானப் புத்தகத்தில் எழுத்தாக ஏறும்வரை கேட்பதை நிறுத்த வேண்டாம்.